தமிழில் மேடையேறிப் பேசுவேன், ஆங்கிலத்தில் செமினார் என்றால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. என்ன செய்வது?

புதுவயல்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எம்.எஸ்சி வேதியியல் முதல் வருஷம். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. அப்பாவுக்கு ரைஸ் மில்லில் வேலை, வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். எங்கே படிக்கிறேன் என்று சொல்லவில்லை, அது தேவையும் இல்லை.

போன மாதம் என்னுடைய முதல் செமினார். தலைப்பு உலோக அரிப்பு, நானே கேட்டு வாங்கிய தலைப்பு. இரண்டு வாரம் உட்கார்ந்து 16 ஸ்லைடு செய்தேன். பேச வேண்டியதை முழுக்க ஒரு நோட்டில் எழுதி, வரி விடாமல் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். முதல் இரண்டு ஸ்லைடு நன்றாகத்தான் போயிற்று. மூன்றாவதில் 'டிடர்மின்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'டிட்டர்மைன்' என்று சொல்லிவிட்டேன். கடைசி வரிசையில் ஒருவன் அதை அப்படியே மெதுவாகத் திருப்பிச் சொன்னான், இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பெரிய சிரிப்புகூட இல்லை. சார் உடனே சரியான உச்சரிப்பைச் சொல்லித் திருத்தினார். அவ்வளவுதான், அடுத்த வரி எனக்கு வரவே இல்லை. கையில் வைத்திருந்த பேப்பர் ஆடுவது எனக்கே தெரிந்தது. அதற்குப் பிறகு ஸ்லைடில் இருந்ததை அப்படியே வாசித்து முடித்தேன். கடைசியில் சார் ஒரு கேள்வி கேட்டார். பதில் தெரியும். தெரிந்தும் 'நோ சார்' என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அந்த 'நோ சார்' தான் இன்றுவரை தூங்க விடாமல் உறுத்துகிறது.

எனக்குப் புரியாதது என்னவென்றால், எனக்கு மேடைப் பயம் கிடையாது. பள்ளியில் பேச்சுப் போட்டி, பட்டிமன்றம் என்று ஒன்றைக்கூட விட்டதில்லை, வீட்டு அலமாரியில் கோப்பைகள் இருக்கின்றன. பரீட்சையில் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறேன், நல்ல மார்க் வருகிறது. ஆராய்ச்சிக் கட்டுரைகளை அகராதியோடு உட்கார்ந்து படித்துப் புரிந்துகொள்கிறேன். வாயைத் திறந்தால் மட்டும் எல்லாம் போய்விடுகிறது.

இப்போது வகுப்பில் பேர் சொல்லிக் கேட்டுவிடுவார்களோ என்று பக்கத்துத் தூணுக்குப் பின்னால் உட்காருகிறேன். சந்தேகம் வந்தால் கேட்பதில்லை. இன்னும் 3 வாரத்தில் அடுத்த செமினார், மே மாதம் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. இது என் ஆங்கிலத்தில் உள்ள குறையா, என்னிடம் உள்ள குறையா? மனப்பாடத்தை இன்னும் அழுத்திச் செய்யவா? சாரிடம் போய்ச் சொல்லலாமா, சொன்னால் இளப்பமாக நினைப்பாரா?

செக்காலை ரோடு:

தங்கச்சி, மனப்பாடத்தை முதலில் விடுங்கள். உங்களைக் கவிழ்த்தது அதுதான் என்று நினைக்கிறேன், அந்த உச்சரிப்பு இல்லை. வரிவரியாக மனப்பாடம் செய்தால் அது ரயில் பெட்டி மாதிரி ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு வரும். நடுவில் ஒரு கொக்கி கழன்றால் பின்னால் இருப்பது எல்லாம் நின்ற இடத்திலேயே நின்றுவிடும், ஏனென்றால் நீங்கள் விஷயத்தை நினைத்துப் பேசவில்லை, அடுத்த வார்த்தையை நினைத்துப் பேசுகிறீர்கள்.

நான் தேவகோட்டையில் தமிழ் வழி படித்துவிட்டுச் சென்னையில் ஐ.டி. வேலைக்குப் போனவன். முதல் வருஷம் வெளிநாட்டுக்காரர்களோடு போன் மீட்டிங் என்றால் மியூட் பட்டனிலிருந்து கையை எடுக்க மாட்டேன். என் பேர் சொல்லிக் கூப்பிட்டால் காது அடைத்துவிடும், கேள்வியே விழாது. பிறகு மெதுவாகத்தான் புரிந்தது. தமிழில் பேசும்போது என்ன சொல்வது என்பதை மட்டும்தான் யோசிக்கிறோம், வார்த்தை தானாக வந்து உட்காருகிறது. புது மொழியில் என்ன சொல்வது, எந்த வார்த்தை, எந்த வரிசை, எப்படி உச்சரிப்பது, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மூளை கவனிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு நடுவில் 'சிரிக்கிறார்களோ' என்கிற நினைப்பும் வந்து உட்கார்ந்தால் இடம் எங்கே இருக்கும்? தெரிந்த பதிலும் அதனால்தான் வராமல் போகிறது. இது அறிவுக் குறைவு இல்லை, நெரிசல்.

நான் செய்தது இதுதான். முதல் இரண்டு வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்வேன். நடுவில் உள்ளதற்கு ஒரு சின்னக் காகிதத்தில் ஆறேழு சொல், அவ்வளவுதான். 16 ஸ்லைடு ரொம்ப அதிகம், எட்டு போதும்.

கோட்டையூர்த் தம்பி:

எல்லாம் மனசுதான் அக்கா. பயத்தைத் தூக்கிப் போடுங்கள். தினமும் கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் ஆங்கிலத்தில் பேசுங்கள், தானாக வந்துவிடும்.

புதுவயல்காரி:

@செக்காலை ரோடு, ரொம்ப நன்றி அண்ணே. நெரிசல் என்று சொன்னீர்களே, அதைத்தான் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

@கோட்டையூர்த் தம்பி, அக்கறைக்கு நன்றி. ஆனால் கண்ணாடி முன்னால் எனக்கு நன்றாகவே வருகிறது. கண்ணாடி சிரிக்காதே. பயத்தைப் போடு என்று எல்லோரும் சொல்கிறார்கள், எங்கே பிடித்து எப்படித் தூக்கிப் போடுவது என்றுதான் தெரியவில்லை.

ஆங்கில ஆசிரியை, பள்ளத்தூர்:

அம்மா, 26 வருஷமாகக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன், ஒவ்வொரு வருஷமும் உன்னைப் போல் நாலைந்து பிள்ளைகளைப் பார்க்கிறேன். அதில் பாதிப் பேர் வகுப்பிலேயே நன்றாக எழுதுகிறவர்கள். அதனால் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். உனக்கு இருப்பது மேடைப் பயம் இல்லை. இதைத் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். 1986-ல் அமெரிக்காவில் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலைன் ஹார்விட்ஸ், மைக்கேல் ஹார்விட்ஸ், ஜோஆன் கோப் என்று மூன்று பேர் ஒரு கட்டுரை எழுதினார்கள். வேறு எதிலும் பதறாத மாணவர்கள்கூட அந்நிய மொழி வகுப்பில் மட்டும் பதறுகிறார்கள், இது தனி வகைப் பதற்றம் என்று சொன்னார்கள். அதை அளக்க 33 வாக்கியங்கள் கொண்ட ஒரு கேள்வித்தாளும் செய்தார்கள். இன்றைக்கும் உலகம் முழுவதும் இந்த விஷயத்தை ஆராய்கிறவர்கள் அதைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள்.

அந்த மாணவர்கள் யார் தெரியுமா? பிறந்ததிலிருந்து ஆங்கிலம் பேசுகிற நாட்டில் ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள். அவர்களுக்கும் கை நடுங்கியது. எந்த ஆங்கிலத்துக்கு நீ நடுங்குகிறாயோ அதைத் தண்ணீர் மாதிரிப் பேசுகிறவர்கள், ஸ்பானிஷில் ஒரு வாக்கியம் சொல்ல வியர்த்திருக்கிறார்கள். தமிழ் வழியில் படித்ததாலோ, புதுவயலில் பிறந்ததாலோ வந்த குறை என்று தயவுசெய்து நினைக்காதே.

அந்த 33-ஐ நான் தமிழாக்கி வருஷா வருஷம் முதல் வாரத்தில் என் மாணவர்களிடம் கொடுப்பேன். பேர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். தன்னைக் கூப்பிடப் போகிறார்கள் என்று தெரிந்தால் உடம்பு நடுங்குகிறது, பேசினால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று பயம், மற்றவர்கள் தன்னைவிட நன்றாகப் பேசுகிறார்கள் என்று எப்போதும் ஒரு நினைப்பு, இப்படி இருக்கும். மறுநாள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எத்தனை பேர் ஆமாம் போட்டார்கள் என்று கரும்பலகையில் எழுதுவேன். மற்றவர்கள் தன்னைவிட நன்றாகப் பேசுகிறார்கள் என்பதற்கு வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ஆமாம் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்ததும் ஒருத்தரை ஒருத்தர் திரும்பிப் பார்ப்பார்கள் பார், அந்த நிமிஷத்துக்காகவே நான் அதைச் செய்கிறேன்.

இன்னொன்று, இது ஆசிரியர்களுக்கும் சேர்த்து. வேலைக்கு வந்த புதிதில் ஒரு பிள்ளை வாக்கியத்தைப் பாதி சொல்லும்போதே குறுக்கிட்டுத் திருத்துவேன். அதுதான் நல்ல ஆசிரியர் வேலை என்று மனதார நினைத்தேன். திருத்தத் திருத்தப் பிள்ளைகள் 'எஸ் மேம்', 'நோ மேம்' என்பதற்கு மேல் பேசாமல் போனதைத்தான் பார்த்தேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்கப் பேராசிரியை 1970-களில் பள்ளி அறிவியல் வகுப்புகளை ஒலிநாடாவில் பதிந்து கேட்டார். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார், அதற்குள் அடுத்த பிள்ளைக்கோ அடுத்த கேள்விக்கோ போய்விடுகிறார். அதையே 3 நொடியாக்கியபோது பதில்கள் நீண்டன, 'தெரியாது' என்று சொல்வது குறைந்தது. தாய்மொழியில் பதில் சொல்கிற குழந்தைகளுக்கே அப்படி என்றால் வேற்று மொழியில் சொல்லத் தேடுகிற உனக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? உன்னுடைய 'நோ சார்' அந்த 3 நொடி கிடைக்காமல் வந்ததுதான்.

அதனால் சாரிடம் கட்டாயம் போய்ச் சொல். செமினாருக்கு ஒரு வாரம் முன்பே போ, அன்றைக்குக் காலையில் போகாதே. 'சார், தப்பு இருந்தால் கடைசியில் சொல்லுங்கள், நடுவில் நின்றால் எனக்குத் தொடர வராது' என்று சொன்னால் போதும். தமிழிலேயே சொல். இளப்பமாக நினைக்க மாட்டார்.

பயிற்சிக்கு நான் நம்பிச் சொல்லக்கூடியது ஒன்றுதான், பால் நேஷன் என்ற மொழியியல் பேராசிரியர் தன் புத்தகங்களில் பரிந்துரைக்கிற முறை. ஒரே விஷயத்தை ஒருவரிடம் 4 நிமிஷம் சொல். அதே விஷயத்தை வேறொருவரிடம் 3 நிமிஷத்தில் சொல். மூன்றாவது ஆளிடம் 2 நிமிஷத்தில். என் வகுப்பில் இரண்டு வரிசையாக எதிரும் புதிருமாக உட்கார வைத்து, நேரம் முடிந்ததும் ஒரு வரிசையை மட்டும் ஓர் இடம் நகரச் சொல்வேன். முதல் சுற்றில் இருக்கிற 'ஆ... ஊ...' மூன்றாவது சுற்றில் பாதியாகிவிடும், காதால் கேட்டாலே தெரியும். விஷயம் பழையதாகிவிட்டதால் மூளை வார்த்தைக்கு வந்துவிடுகிறது. ஆள் புதிதாக இருப்பதால் ஒப்பிக்கவும் முடியாது. கண்ணாடியில் இந்த இரண்டாவது இல்லை அம்மா, அதனால்தான் உனக்கு அது உதவவில்லை.

கானாடுகாத்தான் ஐயா:

ஆத்தா, டீச்சரம்மா சொன்னதற்கு மேல் எனக்குப் படிப்பு கிடையாது. ஆனால் எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், சொன்ன ஒன்று உங்களுக்கு ஆகுமா பாருங்கள்.

அவர் 14 வயதில் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்கப் போனவர். அங்கே கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடி வேலைக்குச் சேர்த்தார்கள். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் நெல் விளைவிக்கிற பர்மாக்கார விவசாயிகள், அவர்களுக்குத் தமிழ் தெரியாது, இவருக்குப் பர்மியம் தெரியாது. யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. முதல் சில மாதம் மேலாளுக்குப் பின்னால் நின்று காதால் கேட்டுக்கொண்டே இருந்தாராம். கணக்கு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில், கேட்ட சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி வைப்பார். அந்த நோட்டு ஒன்று எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் மரப்பெட்டிக்குள் ரொம்ப நாள் இருந்தது, சின்னப் பிள்ளையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றிலிருந்து பத்து வரை முதலில். ஐந்துக்கு 'ங்கா' என்று எழுதி, பக்கத்தில் '5' போட்டிருப்பார். அதற்குக் கீழே 'பெலௌக் லே', எவ்வளவு என்று அர்த்தம். படித்த பாடத்தில் எங்கேயும் சொல்லுக்கு முதலெழுத்தாக வராத 'ங'-வை அங்கே போய்த்தான் முதலெழுத்தாகப் பார்த்தேன் என்று சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுவார்.

தப்பாகச் சொன்னால் அவர்கள் சிரிப்பார்களாம். ஐயாவும் கூடவே சிரித்துவிட்டு, சரியாக எப்படிச் சொல்வது என்று அவர்களிடமே கேட்பாராம். 'அவன் சிரிப்பு நமக்குக் கடன் இல்லடா, கேட்டு வாங்குனா அதுவும் வரவுதான்' என்று சொல்வார். மூன்று வருஷக் கணக்கு முடிந்து ஊருக்கு வரும்போது பேரம், வழக்கு, நலம் விசாரிப்பது எல்லாம் பர்மியத்தில் பேசினாராம். 1942-ல் ஜப்பான்காரன் வந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார்கள், மொழி மட்டும் கூடவே வந்தது. சாகும் வரைக்கும் தூக்கத்தில் பர்மியம் பேசுவார் என்று அப்பத்தா சொல்வார்கள்.

ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஐயாவுக்கு யாரும் மார்க் போடவில்லை. உங்களுக்குப் போடுகிறார்கள். அதனால் மார்க் போடாத இடம் ஒன்றைத் தேடி அங்கே நிறையப் பேசிப் பழகுங்கள் ஆத்தா.

மானகிரி மலர்:

நான் ஜெர்மன் படிக்கிறேன், மேற்படிப்புக்காக. ஐயா சொன்ன மார்க் போடாத இடம் பற்றி எனக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது.

என் ஜெர்மன் வகுப்பில் சென்னை, பெங்களூரில் பெரிய பள்ளிகளில் படித்தவர்கள் இருக்கிறார்கள், ஆங்கிலம் அவர்களுக்குத் தாய்மொழி மாதிரி. நான் காரைக்குடிப் பக்கம், ஆங்கிலத்தில் இன்னும் தயங்குகிறவள். முதல் நாள் பயந்துகொண்டுதான் போனேன். ஆனால் ஜெர்மனில் எல்லோரும் பூஜ்யம். மேசைக்கு ஆண்பாலா, பூனைக்குப் பெண்பாலா என்று அவர்களும் என்னைப் போலத் தடுமாறினார்கள். மும்பையில் பெரிய கம்பெனியில் இருக்கிற ஒருவர் தன் பெயரையும் ஊரையும் ஜெர்மனில் சொல்ல எழுந்து நின்று, தண்ணீர் குடித்து, மறுபடி தண்ணீர் குடித்தார். அன்றைக்குத்தான் எனக்குள் ஏதோ விட்டுப்போயிற்று. அவ்வளவு நாளும் நான் பயந்தது ஆங்கிலத்துக்கு இல்லை, ஆங்கிலம் தெரிந்தவர்கள் மேல், தெரியாதவர்கள் கீழ் என்று நானே கட்டி வைத்திருந்த படிக்கட்டுக்கு. ஜெர்மனில் அந்தப் படிக்கட்டு இல்லை, அதனால் ஆங்கிலத்தைவிட அதில் சீக்கிரம் வாய் திறந்தேன்.

கோதே நிறுவனம் நடத்துகிற ஜெர்மன் தேர்வுகளில் நடுநிலையான பி1 தேர்வில் பேச்சு தனிப் பகுதி, 100-க்கு 60 எடுத்தால் தேர்ச்சி. தப்பே இல்லாமல் பேசுகிறவர்களைத்தான் விடுவேன் என்று அந்தத் தேர்வே சொல்லவில்லை. இது தெரிந்ததும் மனசுக்கு எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா?

நடுக்கம் எல்லோருக்கும் தெரிகிறது என்று நினைக்கிறீர்கள் அல்லவா? அதைப் பற்றியும் படித்தேன். தாமஸ் கிலோவிச் என்ற உளவியல் பேராசிரியரும் அவருடன் இருந்தவர்களும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு. மாணவர்களை ஒரு பாடகர் படம் போட்ட டிசர்ட்டைப் போட்டுக்கொண்டு மற்றவர்கள் இருக்கிற அறைக்குள் போகச் சொன்னார்கள். போட்டவர்களுக்கு அது கூச்சம் தருகிற டிசர்ட். பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள், உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்தான். 2003-ல் சவிட்ஸ்கியும் அதே கிலோவிச்சும் மேடைப் பேச்சில் இதைப் பார்த்தார்கள். 'உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு வெளியே தெரியாது' என்று முன்னாலேயே சொல்லப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசியிருக்கிறார்கள். அந்த ஒரு தகவல் மட்டும்தான் வித்தியாசம். அதனால் உங்களுக்கும் சொல்கிறேன் அக்கா, உங்கள் பேப்பர் ஆடியது முதல் வரிசைக்குக்கூடத் தெரிந்திருக்காது.

வளவுத் திண்ணை:

எனக்கு வேறு கருத்து. ஏன் அந்தப் பெண் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும்? தமிழ்த்தாய்க்குக் கோயில் கட்டிய ஊர் நம் காரைக்குடி. 2023-ல் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யே, ஆங்கில வழிப் பாடமாக இருந்தாலும் மாணவர்கள் உள்ளூர் மொழியில் தேர்வு எழுத அனுமதியுங்கள் என்று பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. செமினாரையும் தமிழில் நடத்தலாமே. விஷயம் தெரிந்த பெண்ணை மொழி காரணமாக வாயடைத்து உட்கார வைத்துவிட்டு, பயத்தை எப்படிப் போக்குவது என்று பேசிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆங்கில ஆசிரியை, பள்ளத்தூர்:

@வளவுத் திண்ணை, உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு, நான் ஆங்கிலம் கற்பிக்கிறவள் என்றாலும். தமிழில் செமினார் நடக்கிற நாள் வந்தால் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பேன். ஆனால் இந்தப் பெண்ணுக்கு 3 வாரம்தான் இருக்கிறது, நாளைக்கு வேறு மாநிலத்து ஆய்வகத்தில் இடம் கிடைத்தால் அங்கே தமிழும் கை கொடுக்காது. இரண்டையும் சேர்த்துக்கொள்ளட்டும் என்கிறேன். அம்மா புதுவயல்காரி, முதலில் உன் தலைப்பைத் தமிழில் யாருக்காவது முழுதாக விளக்கு. தமிழில் சொல்ல வருவதுதான் ஆங்கிலத்திலும் வரும். தமிழில் எங்கே இடறுகிறதோ அங்கே பிரச்சினை ஆங்கிலம் இல்லை.

செக்காலை ரோடு:

டீச்சர் சொன்னதோடு ஒன்று. உலோக அரிப்பு என்றால் பாம்பன் பாலத்திலிருந்து ஆரம்பியுங்கள். 1914-ல் திறந்து நூறு வருஷத்துக்கு மேல் கடல் காற்றைத் தின்றுகொண்டு நின்ற பழைய ரயில் பாலம், வகுப்பில் எல்லோரும் ஒரு தடவையாவது பார்த்திருப்பார்கள். காரைக்குடியில் 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அரிப்பு அவர்களுடைய முக்கியமான ஆராய்ச்சிகளில் ஒன்று. நம் ஊர் விஷயம் தங்கச்சி இது, உரிமையோடு பேசுங்கள்.

புதுவயல்காரி (19 நாள் கழித்து):

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று செமினார் முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் சாரிடம் போனேன். டீச்சர் சொன்ன வார்த்தையையே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'அன்றைக்கு உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னேன், இனி கடைசியில் சொல்கிறேன்' என்றார். தானும் தமிழ் வழியில் படித்தவர்தான் என்றும் சொன்னார். இரண்டு செமஸ்டராக அவரிடம் படிக்கிறேன், இது எனக்குத் தெரியாது.

பயிற்சியை வீட்டில்தான் செய்தேன். 4 நிமிஷம் அத்தை மகளிடம், அவள் பதினொன்றாம் வகுப்பு. 3 நிமிஷம் என் அறைத் தோழியிடம் போனில். 2 நிமிஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை, அதனால் அப்பத்தாவிடம் சொன்னேன். அப்பத்தாவுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்துத் தெரியாது. முற்றத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டது. மூன்று நாள் கேட்டுவிட்டு நாலாவது நாள், 'நீ ஒரே எடத்துல தெனமும் முழுங்குறடி, அந்த எடம் வந்தா தரையப் பாக்குற' என்றது.

எந்த இடம் என்று மறுநாள் கவனித்தேன். துருப்பிடிக்காத எஃகு ஏன் துருப்பிடிப்பதில்லை என்று விளக்குகிற இடம். டீச்சர் சொன்னது ஞாபகம் வந்து, அதை மட்டும் அப்பத்தாவுக்குத் தமிழில் சொல்லப் பார்த்தேன். தமிழிலும் வரவில்லை! எனக்கே அது சரியாகப் புரிந்திருக்கவில்லை, புத்தகத்து வாக்கியத்தை அப்படியே வைத்திருந்திருக்கிறேன். இரண்டு நாள் உட்கார்ந்து அந்தப் பகுதியைத் திரும்பப் படித்தேன். எஃகில் இருக்கிற குரோமியம் ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலமாகிவிடுகிறது, கீறினாலும் அது தானே மறுபடி மூடிக்கொள்கிறது. 'காயத்துல பொருக்கு கட்டுற மாதிரியா?' என்று அப்பத்தா கேட்டது. கிட்டத்தட்ட அப்படித்தான். அதற்குப் பிறகு அந்த இடத்தில் நான் தரையைப் பார்க்கவில்லை.

நேற்று எட்டு ஸ்லைடு, பாம்பன் பாலத்தில் ஆரம்பித்தேன். கை நடுங்கியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மலர் எழுதியதை நினைத்துக்கொண்டு பேப்பரை மேசையில் வைத்துவிட்டேன். இரண்டு இடத்தில் நின்றேன். ஒரு இடத்தில் காலத்தை மாற்றிச் சொன்னேன், சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை, சிரித்திருந்தாலும் நான் கவனிக்கவில்லை. கடைசியில் சார் கேட்ட கேள்வி, கடல் பக்கத்தில் அந்தப் படலமும் ஏன் தோற்றுப்போகிறது என்று. 'ஒன் மினிட் சார்' என்றேன். அவர் காத்திருந்தார். உப்பில் இருக்கிற குளோரைடு அந்தப் படலத்தைச் சின்னச் சின்ன இடங்களில் உடைத்துக் குழி விழ வைக்கிறது என்பதை நாலு சின்ன வாக்கியத்தில் சொன்னேன். குழி என்பதற்கு ஆங்கிலச் சொல் வரவில்லை, 'குழி சார்' என்றே சொன்னேன். அவர் 'பிட்' என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார். இன்றைக்குத் தூண் பக்கம் உட்காரவில்லை.

இனி வைவா. வெளியிலிருந்து வருகிற தேர்வாளர், முகம் தெரியாதவர். சாரிடம் சொன்ன மாதிரி அவரிடம் முன்கூட்டிச் சொல்ல முடியாது. தெரியாத முகத்துக்கு எப்படிப் பழகுவது?

மானகிரி மலர்:

அக்கா, படிக்கும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது. உங்கள் அப்பத்தாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தெரியாத முகத்துக்கு நான் இருக்கிறேனே. நாம் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடியோவில் பேசுவோம், உங்கள் ப்ராஜெக்டை என்னிடம் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். எனக்கு வேதியியல் தெரியாது, அதனால் கேள்வி நிறையக் கேட்பேன். பிறகு நான் ஜெர்மனில் பேசுவேன், புரியாவிட்டாலும் அப்பத்தா மாதிரி நான் எங்கே முழுங்குகிறேன் என்று பார்த்துச் சொல்லுங்கள்.